முன்பாரம் ஏற்றிய மிதவைப் படகு

எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்த ஆண்டில், கடலைக்காய் பிடுங்கி முடித்த ஓய்வில், சேந்தமங்கலத்திலிருந்து குடும்பத்தோடு கொல்லிமலை ஏறினோம். மேலே ஏரியில் படகு விடுகிறார்கள் என்று கேள்வியுற்றதே காரணம். மனைவி, மகள், பேரப்பிள்ளைகள் இருவர், மனைவியின் தம்பி ஆகியோர் உடன் வந்தனர்.

என் மனைவிக்கு நீர்மேல் செல்வதென்றால் பேரச்சம். முன்பொரு முறை மோகனூர்க் காவிரியில் பரிசல் சுழன்றதிலிருந்து, எங்கு சென்றாலும் அவள் மட்டும் சோற்றுத் தூக்குகளோடு கரையிலேயே அமர்ந்துவிடுவாள். அவளையும் ஒருமுறையேனும் ஏற்றிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வேனில் மலையேறும்போதே அதை அவளிடம் சொன்னேன்.

“சாயாத படகா நீங்களே பாத்துச் சொல்லுங்க, வாரேன். இந்த வாட்டியும் பயந்துட்டன்னா அப்பறம் என்னையக் கூப்புடவே கூடாதுங்க” என்றாள்.

ஏரியில் இரண்டு மிதவைப் படகுகள் நின்றன. இரண்டிலும் பீப்பாய்களின்மேல் பலகை பரப்பி, சுற்றிலும் கம்பி கட்டி, தகரக் கூரை வேய்ந்திருந்தனர். ஒன்று பச்சை, மற்றொன்று நீலம் என்பதன்றி வேறு வேற்றுமை யாதும் எனக்குப் புலப்படவில்லை. ஆயினும் பொறுப்பு என்னுடையதாயிற்றே! ஒவ்வொன்றின் மூலையிலும் காலை ஊன்றி அழுத்தினேன். கம்பியைப் பிடித்து உலுக்கினேன். குனிந்து பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தேன்.

“ஏனுங்க மச்சான், பல்லுப் புடிச்சுப் பாக்கலீங்களா? சுழி கிழி இருக்கப் போவுது!” என்று மைத்துனன் கரையில் நின்று சிரித்தான்.

“நீ சுழி பாக்காம சந்தையில வாங்குன காளையாட்டம் ஆயிறக் கூடாதுல்ல, அதான்” என்றேன்.

பச்சைப் படகு சற்றே குறைவாக ஆடியதாகத் தோன்றவே, அதையே தேர்ந்தேன். அத்தோடு நில்லாமல், யார் எங்கு அமர்வது என்பதையும் நானே வகுத்தேன். மாட்டுவண்டியில் பாரம் பின்னால் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும். ஆகையால் சற்று முன்பாரமாகவே ஏற்றுவது எங்கள் வழக்கம். அவ்வாறே அனைவரையும் முன்பக்கம் நெருக்கி அமர்த்தி, நானும் அமர்ந்தேன்.

படகோட்டி கயிற்றை அவிழ்த்ததும் முன்பக்கம் தாழ்ந்தது. நீர் பலகைமேல் ஏறி எங்கள் பாதங்களை நனைத்தது.

“அய்யோ, எல்லாரும் அங்கியே குமிஞ்சா எப்படீங்க!” என்று அவர் கூவினார்.

மனைவி கம்பியை இறுகப் பற்றினாள். இனி இவள் எந்நாளும் ஏறமாட்டாள் என்று என் நெஞ்சு துணுக்குற்றது. அவளோ நனைந்த சேலைக் கரையைப் பார்த்தாள். குவிந்து அமர்ந்திருந்த எங்களைப் பார்த்தாள்.

“ஏனுங்க, முன்பாரம் வெச்சுட்டீங்க, சரி. மாட்ட எங்கீங்க பூட்டியிருக்கீங்க?”

படகே குலுங்கும்படி சிரித்தோம். அவளுக்குத்தான் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. பின்பு அவளே ஆணையிடத் தொடங்கினாள்.

“கண்ணு, நீ அந்தப் பக்கம் போ சாமி. தம்பி, நீ பின்னால போ. ஏனுங்க, நீங்களுந்தான்!”

படகு நிமிர்ந்தது. மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டியவாறே அவள் ஏரியைச் சுற்றி வந்தாள்.

கரையேறியதும் சற்றே பெருமிதத்தோடு கேட்டேன்: “பாத்தியா புள்ள, பச்சைதான நல்ல படகு?”

“ஒண்ணுல மட்டும் ஏறிப்புட்டு அத எப்படீங்க சொல்றது?” என்று சொல்லிவிட்டு, அவள் நீலப் படகை நோக்கி நடந்தாள்.