கையோடு வந்த ஸ்பிண்டில்

ஸ்பிண்டில் என்றால் எனக்கு மில்தான். நூல் சுற்றும் பாபினை மாட்டிச் சுழலவிடும் கம்பி. நாங்கள் கதிர் என்போம். லேத் பட்டறைக்குப் போகும் என் மகனுக்கோ அது இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற தண்டு. குழாய்க்குள்ளும் ஒன்று இருப்பது, போன மாதம் அது பிடியோடு என் கையில் கழன்று வந்த அன்றுதான் தெரிந்தது.

பல்லடத்தில் நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரரின் தறிக்கூடம். எங்கள் படிக்கட்டை ஒட்டி அவருடைய நூல் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பாத்திரம் கழுவும் குழாய் அந்தப் படிக்கு நேர் மேலே. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உள்ளங்கையால் அழுத்தினேன், துணியைத் திணித்தேன், நிற்கவில்லை.

மகனுக்குப் போன் போட்டேன். மொட்டை மாடியில் தண்ணீரை அடைக்கும் கேட் வால்வு இருக்கிறது, அதிலும் ஸ்பிண்டில்தான், வலப்பக்கம் திருகுங்கள் என்றான். ஏறிப் போய்த் திருகினேன். துருப்பிடித்து அசையவே இல்லை. இறங்கி வருவதற்குள் தண்ணீர் பாதிப் படி தாண்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் நான் அதுவரை பேசியதே இல்லை. எதிரில் வந்தால் ஒதுங்கி நின்றுகொள்வேன். தறிக்கூடத்து வாசலில் நின்று, "ஏனுங்க தம்பி" என்றேன். தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவரும் வேலையாளும் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். ஓடுகிற தறிகளுக்கு நடுவில் சேலையோடு போகப் பயம். திரும்பிப் பார்த்தால் அடிப் பெட்டியின் அட்டை கறுத்துக்கொண்டிருந்தது.

வாசலோரம் மெயின் சுவிட்ச். அடுத்தவர் தறியை நிறுத்த நான் யார்? மில்லில் மேஸ்திரி சொல்லாமல் சுவிட்சைத் தொட்டால் வேலை போய்விடும். இன்னொரு முறை பெட்டியைப் பார்த்தேன். கீழே இழுத்துவிட்டேன்.

எல்லாத் தறியும் நின்றது.

"எந்த நாய்டா அது?" என்று திரும்பிய வேலையாள் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தண்ணி வருதுங்க தம்பி. நூலு நனையுதுங்க."

வீட்டுக்காரர் ஓடினார். வேலையாள் ஸ்பேனரோடு மொட்டை மாடிக்குப் போய் வால்வை மூடினான். அடியில் இருந்த இரண்டு பெட்டி நனைந்துவிட்டது. மற்றது தப்பியது.

"ஏனுங்கம்மா, ஒரு சத்தம் போட்டா ஆகாதுங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"போட்டனுங்க."

"அந்தச் சத்தம் உங்களுக்காச்சும் கேட்டுதுங்களா?" என்றான் இறங்கி வந்த வேலையாள்.

கேட்கவில்லை என்றேன். அவன் சிரித்தான். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நனைந்த பெட்டியை வெயிலுக்கு நகர்த்தக் குனிந்தார். நான் ஒதுங்கவில்லை. மறுமுனையைப் பிடித்தேன்.