பந்தல் கேட்காத அவரை

கிரேஸுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தெரியாதவன் நான்தான். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடம் நடத்துகிற இந்த ரகுராம், கிரேஸின் ஆறு செடிகளைத் தன் கையாலேயே வேரோடு பிடுங்கி எறிந்தான். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிரேஸ் எங்கள் பள்ளியில் பயாலஜி லேப் அட்டெண்டர். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகள். முதலில் தினமும் விடியற்காலை ரயிலில் வந்து போனார். பிறகு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் என்பவரின் பழைய பங்களாவுக்குப் பின்னால் உள்ள அவுட்ஹவுஸில் குடியேறிவிட்டார். இருபத்துமூன்று வருடமாகப் பிராக்டிகல் வகுப்புக்குப் பூக்களைப் பிரித்து வைப்பது அவர்தான். ஊசியும் இடுக்கியும் அவர் கையில் இருந்தால் கடுகளவு மொட்டுகூடக் காயப்படாது.

அவுட்ஹவுஸ் வாசலில் பன்னிரண்டு அடிக்கு நாலடி மண் உண்டு. அதில் வருடா வருடம் தங்கவயலிலிருந்து கொண்டுவந்த கொடி அவரையைப் போடுவார். மார்கழிப் பனி விழுந்ததும் அந்தக் காயின் தோலில் எண்ணெய் போல ஒன்று பிசுபிசுக்கும். தொட்டால் சோப்பு போட்டுக் கழுவினாலும் வாசனை போகாது. இங்கே அதைச் சொகடு என்பார்கள். சிவாஜிநகர் மார்க்கெட்டில் காயை மூக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் பை நீட்ட மாட்டார்கள். அந்த அவரை விதையின் தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு கிரேஸ் வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் நான் நடுநிலையான ஆள் இல்லை.

அந்தக் கொடிக்குப் பந்தல் போதாது. ஓடு, சப்போட்டா மரம், மழைநீர்த் தகரம் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு அக்டோபர் மழையில் கொடியின் பாரம் தாங்காமல் தகரம் பெயர்ந்து ஓஸ்வால்டின் காலடியில் விழுந்தது.

"நோ மோர் கொடி, கிரேஸ்! இந்த இடத்துக்கு சிமென்ட் போட்டு கார் பார்க்கிங் பண்ணப் போறேன்."

"அங்கிள், கொடி ஏறாத அவரை வெச்சா?"

"பந்தல் இல்லாம, குச்சி இல்லாம, தன் கால்ல நிக்கணும். என் பையன் காரோட வரதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம். அப்புறம் மேஸ்திரிதான்."

குத்து அவரை விதை கடையில் கிடைத்தது. முழங்கால் உயரத்தில் புதர் போல நின்று, காயை இலைக்கு மேலே தூக்கிக் காட்டும் நல்ல பிள்ளை. ஆனால் வாசனை?

"கண்ண மூடிக்கினு மோந்து பார்த்தா பீன்ஸா அவரையான்னே தெரியல சார்" என்றார் கிரேஸ். பிறகு, "ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா இன்னா?" என்றார்.

பண்ணி வைத்தார். டிசம்பர் மாலைகளில் லேப் இடுக்கியோடு குத்துச் செடியின் முன் உட்கார்ந்து, மறுநாள் விரியப்போகும் மொட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தத் தாள்களையும் எடுத்துவிடுவார். காலையில், அந்த வருடம் மிச்சமிருந்த கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவி, சிவப்பு நூல் கட்டுவார். நாற்பது பூவில் முப்பத்தேழு உதிர்ந்தன. மூன்று காய், ஏழு விதை.

ஜூனில் ஏழையும் விதைத்தார். ஆகஸ்டில் நான் போய்ப் பார்த்தேன். ஏழும் கொடி! ஒன்றுகூடக் குத்துச் செடி இல்லை. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "ஒட்டவே இல்ல கிரேஸ். ஏதோ விதை மாறிப்போயிருக்கு. ஓஸ்வால்ட் பார்க்கறதுக்குள்ள எடுத்துடலாம்" என்று பெரிய மேதாவி போலச் சொல்லிவிட்டு, வரிசையாக ஆறையும் பிடுங்கினேன். கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவர் அவர். ஏழாவது செடி ஓஸ்வால்டின் தண்ணீர் பைப்பை இறுக்கிச் சுற்றியிருந்தது.

"விடு சார், பைப்பு உடைஞ்சா அங்கிள் என்னியும் சேத்துப் புடுங்கிடுவாரு" என்றார்.

விட்டேன்.

மூன்றாம் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன்: நெட்டை, குட்டை இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை? "எல்லாம் நெட்டை சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. என் சாக்பீஸ் அப்படியே நின்றது. குட்டை அடுத்த தலைமுறையில்தான் வெளியே வரும், நாலில் ஒரு பங்காக. பதினெட்டு வருடமாக இதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்! வகுப்பை அப்படியே விட்டுவிட்டு லேபுக்கு ஓடினேன்.

"கிரேஸ், அந்த ஆறு செடி எங்க?"

"பால்காரர் மாட்டுக்குப் போட்டேன் சார். ஏன்?"

தலையில் அடித்துக்கொண்டேன். தாய்ச்செடி குத்து. ஒட்டாமல் போயிருந்தால் பிள்ளையும் குத்தாகத்தான் வந்திருக்கும். அது கொடி ஏறியதுதான் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி. திக்கித் திணறி இதைச் சொல்லி முடித்தேன். கிரேஸ் கழுவிக்கொண்டிருந்த டெஸ்ட் டியூபைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப பைப்புல இருக்கறது?"

"அது ஒண்ணுதான் நம்ம சொத்து!"

ஓஸ்வால்டின் கண்ணில் படாமலிருக்க அந்தச் சொத்தின் மேல் ஐந்து மாதம் ஈரப் புடவை காய்ந்தது. பிப்ரவரியில் ஐம்பத்தெட்டு விதை கிடைத்தது. காய் பனியில் விளைய வேண்டும் என்பதால் செப்டம்பரில் விதைத்தோம். மண் போதாமல், லேபில் கழித்துப்போட்ட உடைந்த சிங்க்கிலும் சிலவற்றை கிரேஸ் ஊன்றினார். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த புடவையோடு கிரேஸ் ஒரு பக்கமிருந்து எண்ண, நான் மறுபக்கமிருந்து எண்ணினேன். முளைத்தது ஐம்பத்துநாலு. கொடி ஏறியது நாற்பத்தொன்று. தன் காலில் நின்றது பதிமூன்று!

"நாலுல ஒண்ணு! ஏறக்குறைய நாலுல ஒண்ணு!" என்று நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் பார்த்த கணக்கு காலடியில் முளைத்து நின்றால் யார்தான் கத்த மாட்டார்கள்?

"வாசனையும் வரணும் சார், இரு" என்றார் கிரேஸ். நாற்பத்தொரு கொடியையும் அவரே அறுத்தார். ஓஸ்வால்டுக்குக் கொடுத்த வாக்கு அது.

டிசம்பர் இருபத்துமூன்று. நல்ல பனி. பதிமூன்று செடியிலும் ஒவ்வொரு காயைத் தடவி முகர்ந்துகொண்டே வந்தார். முதல் செடி, வெறும் புல். இரண்டாவதும் புல். ஐந்து, எட்டு, பன்னிரண்டு, எல்லாம் புல். என் ஆறு செடிகளும் இருந்திருந்தால் எண்பது குத்துச் செடியாவது நின்றிருக்குமே! பதிமூன்றாவது சிங்க்கில் இருந்தது. கிரேஸ் அதைத் தொட்டார், முகர்ந்தார். கையை என் மூக்கருகே நீட்டினார். விரல் பிசுபிசுத்தது. சொகடு! வாத்தியார் என்பதை மறந்து விசில் அடித்தேன். கிரேஸ் சிரித்துக்கொண்டே அழுதார்.

விசில் சத்தத்துக்கு ஓஸ்வால்ட் வெளியே வந்தார். கைத்தடியால் செடியை ஒரு தள்ளுத் தள்ளினார். ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது. குனிந்து முகர்ந்தார்.

"ஃபைன். ஸ்மெல் இருக்கு. டேஸ்ட்? கிறிஸ்துமஸுக்கு இதைக் குழம்பு வை. அப்புறம் சொல்றேன்."

மொத்தம் பத்தொன்பது காய். உலகத்திலேயே அவ்வளவுதான். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். கிரேஸ் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அங்கிள், இத சமைச்சா ஒரு கிண்ணம் குழம்பு. முத்த விட்டா அம்பது செடி. குத்தா நிக்கும்னு சார் சொல்றாரு, வாசனைக்கு நான் மறுபடி மோந்து பாக்கணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. சமைக்கச் சொன்னா இப்பவே பறிக்கறேன்."

சொன்னபடியே பறிக்கக் கூடையையும் எடுத்துக்கொண்டார். ஓஸ்வால்ட் கூடையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"மேஸ்திரி? சிமென்ட் வேணாம். கார்தானே, அதுக்கு நாலு கால் இருக்கு. ரோட்டுலயே நிக்கட்டும்." போனை வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் முதல் குழம்பு எனக்கு, கிரேஸ்" என்றார்.

பிப்ரவரியில் விதைகள் லேபுக்கு வந்தன, ஈரம் படாத இடம் வேண்டுமென்று. ஆசிட் பாட்டில்களை வைக்கும் மேல்தட்டில், பூட்டுப் போட்ட அலமாரிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. ஆசிட் பாட்டிலுக்கு ஒட்டுகிற அதே சிவப்பு லேபிளில், கிரேஸின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: ரகுராம் சாருக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.