அக்காவுக்காக நான் பேசிய டிரங்க் கால்

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் நாங்கள் குடியிருந்த தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. மில் வேலை போனபின் அக்காவின் கணவர், எங்கள் மாமா, பம்பாயில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தார். அவருக்கு உடம்பு ரொம்ப மோசம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று தந்தி வந்தது. பட்டறைக்கு, எக்ஸ்சேஞ்ச் மூலமாக வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் போட அக்காவும் நானும் தந்தி ஆபீசுக்கு ஓடினோம்.

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். போன் என்றாலே எனக்குப் பயம். அக்கா கேட்பதை நான் வாயால் சொல்லி, வரும் பதிலைச் சாடையில் அவளுக்குக் காட்ட வேண்டும். லைனுக்குக் காத்திருந்தபோது அக்கா என்னைக் கையாலேயே கிண்டல் செய்தாள். "உன் மூஞ்சப் பாத்தா நீதான் சீக்காளின்னு நெனைப்பாங்க."

லைன் கிடைத்தது. ஒரே இரைச்சல், ஒன்றும் புரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் குறுக்கே வந்து, "என்ன கேக்கணுமோ எங்கிட்ட சொல்லுங்கம்மா, நான் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

"எங்க மாமா எப்படி இருக்காருன்னு கேளுங்க. அக்கா பக்கத்துல நிக்குது, அதுக்குக் காது கேக்காது."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்குக் காலைல தவறிட்டாராம்மா" என்றார்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. எதற்கெடுத்தாலும் நான் பயந்து அழுகிறவள்தானே, அக்கா இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொடுத்து, என்ன சொன்னார்கள் என்று சாடையில் கேட்டாள். எங்கள் வீட்டில் மாமா என்பதற்கு மீசையை முறுக்கிக் காட்டுவோம். முறுக்கினேன். அவள் ஆவலாகத் தலையாட்டினாள். அதற்கு மேல் கை எழவில்லை.

"சொல்லிட்டீங்களா?" என்று லைனில் அந்தப் பெண் கேட்டார்.

"இல்லம்மா. கை வரமாட்டேங்குது."

"மெதுவா சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன். அவங்க ஏதாவது கேட்டா கேட்டுச் சொல்றேன்."

ஒருவழியாகச் சொன்னேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். கடைசியில் அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

"கூட வேலை செய்யறவரு ஒருத்தர் கையப் புடிச்சிட்டே இருந்தாராம்" என்று பதில் வந்தது.

அதைக் காட்ட நான் அக்காவின் கையைப் பிடித்தேன். வீடு வந்து சேரும்வரை அவள் என் கையை விடவில்லை.

இப்போது காது கேளாதவர்கள் செல்போனில் முகம் பார்த்துப் பேசுவதையும், சாடை தெரிந்த ஒருவர் நடுவில் இருந்து கேட்டுச் சொல்வதையும் என் மகள் காட்டினாள். அதைப் பார்க்க அக்கா இல்லை. நான் அந்த நடுவில் இருப்பவரின் முகத்தையேதான் பார்க்கிறேன். கெட்ட சேதி வந்துவிட்டால் அவருக்குத் துணையாக லைனில் யார் இருப்பார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.