ஜனவரியைத் தாண்டாத மழை

நான் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே ஒப்புக்கொள்வது மரியாதை.

நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழு அன்பர்கள் எத்தனையோ அனுபவங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி தீர்ந்தது. ஒருவருக்குப் பத்து வருடம் கழித்துப் பிள்ளை பிறந்தது. எனக்கு அப்படிப் பெரிய வியாதி எதுவும் இல்லை. இருந்த கோளாறு தலைக்குள் இருந்தது. அது எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனாலும் பிள்ளையார் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. எனக்கு நாற்பத்து மூன்று வயது. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. சுற்று வட்டாரத்து ஊர்களில் எவ்வளவு மழை பெய்தது என்று தபாலில் தகவல் வரும். அதைப் பெரிய ரிஜிஸ்தரில் எழுதி வைப்பது என் வேலை. மீதி நேரத்தில் எல்லாரையும் சிரிக்க வைப்பேன். மதுரையில் பெய்கிற மழைக்கு மீதி நேரம்தான் அதிகம்.

ஒரு நாள் எங்கள் ஆபீஸர், பல்கலைக்கழகத்தில் ஆறு மாத கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது, நம் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும், யார் போகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் சும்மா இருக்காமல், "கம்ப்யூட்டருக்கு நனையாம மழை பாக்கணுமா சார்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆபீஸரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதில் சிரிப்பு இல்லை. "இந்த ரிஜிஸ்தர் சீட்டு, அதான் உம்ம போஸ்ட்டு, தர்மபுரிக்குப் போகுதுய்யா. கம்ப்யூட்டர்ல பாஸ் பண்ணுனா இங்கயே உமக்குப் புது சீட்டு. இல்லைன்னா சீட்டோட சேர்ந்து நீரும் கிளம்ப வேண்டியதுதான்."

என் மனைவி சாந்தா கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் ப்ளஸ் டூ. இருவரும் ஊரை விட்டு வர முடியாது. நான் தர்மபுரிக்குத் தனியாகப் போய்ச் சமைத்துச் சாப்பிட வேண்டும். நான் அடுப்பில் வைத்தால் வெந்நீரே தீய்ந்து போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாந்தாவுக்கு இழுப்பு உண்டு. மூச்சு முட்டினால் ஸ்கூட்டரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டு ஓட வேண்டியவன் நான். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு எந்த ஸ்கூட்டரை ஓட்டுவது?

சரி என்று வகுப்புக்குப் போனேன். உடன் படித்தவர்கள் எல்லாரும் எம்.எஸ்ஸி. பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் புரொபசர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அதோடு சரி, மறுநாளிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.

பாடம் நடத்திய பத்மா மேடத்துக்கு என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ஃபோர்ட்ரான் என்ற மொழியில் கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை போட்டு, அடுக்காகக் கட்டிக் கொடுத்தால் மிஷின் படித்துவிட்டு, அகலமான காகிதத்தில் பதிலை அடித்துத் தரும். கடைசித் தேர்வுக்கு அவரவர் ஆபீஸ் எண்களைப் படமாகப் போட வேண்டும். எனக்கு மழை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வரி. பத்து மில்லிமீட்டருக்கு ஒரு நட்சத்திரக் குறி. மழை கூடினால் வரி நீளும்.

"நம்பராப் பாத்தா மூளை தூங்கிரும் சார். படமாப் பாத்தா கண்ணு முழிச்சுக்கிரும்" என்பார் மேடம்.

மிஷின் ஒன்றே ஒன்று. அதனால் தேர்வுக்கு ஆளுக்கு மூன்று முறைதான் அட்டை கொடுக்கலாம். அதற்குள் படம் வந்தாக வேண்டும்.

முதல் முறை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. வீட்டில் ஸ்கூட்டருக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைக்கச் சந்தனம் கரைத்திருந்தாள் சாந்தா. எனக்குச் சோறு போடப்போகும் ஆயுதம் இந்த அட்டைதானே என்று தோன்றியது. முதல் அட்டைக்கு ஒரு பொட்டு, கடைசி அட்டைக்கு ஒரு பொட்டு. சந்தனம் மட்டும் வைத்தால் நன்றாக இருக்காது என்று மேலே குங்குமமும் வைத்தேன். எங்கே போதாமல் போய்விடுமோ என்று நடுவில் நாலைந்து அட்டைக்கும் வைத்தேன்.

அட்டை படிக்கும் மிஷினுக்குள் அது போனது. இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போயின. மூன்றாவது மடங்கியது. ஒரு சத்தம் கேட்டது. நல்ல சத்தம் இல்லை. ஆபரேட்டர் கபூர் பாய் மூடியைத் திறந்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்தார்.

"யாரு சார் இது, மிஷினுக்கு நலங்கு வச்சது?"

நான் கையைத் தூக்கினேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஏ.சி. குளிர் போய்விட்டது. அரை நாள் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "சார், பக்தியில நான் குறை சொல்லல. ஆனா அத அட்டையில ஒட்டாதீங்க. மூணு ரன்ல ஒண்ணு போச்சு."

எல்லா அட்டைகளையும் மறுபடி அடித்தேன். இரண்டாம் முறை கொடுத்தேன். மிஷின் ஒழுங்காகப் படித்தது. பிரிண்டர் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காகிதம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்து என் முழங்கால் வரை ஏறியது. கபூர் பாய் ஓடி வந்து நிறுத்திவிட்டு ஒரு மடிப்பை எடுத்துப் பார்த்தார்.

ஜனவரி, இரண்டு நட்சத்திரம். ஜனவரி, இரண்டு நட்சத்திரம். ஜனவரி, இரண்டு நட்சத்திரம். அடி வரைக்கும் அதுதான். அடுத்த மடிப்பிலும் அதுதான்.

"ஏன் சார், ஒங்க ஆபீஸ்ல பொங்கலுக்குப் பெறகு மாசமே கெடையாதா?"

அன்றைக்கும் நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இதற்குச் சுலபமான வழி ஒன்றை மேடம் வகுப்பில் நடத்தியிருந்தார். அந்த வகுப்பன்று நான் பஸ்ஸில் கண்டக்டரைச் சிரிக்க வைத்துக்கொண்டே போய் மூன்று ஸ்டாப் தாண்டி இறங்கியிருந்தேன். எனக்குத் தெரிந்த வழியில்தான் அட்டைகளை எழுதியிருந்தேன். தப்பு எங்கே என்று யாரிடமாவது கேட்கலாம். வாய் வரவில்லை. ஊரெல்லாம் சிரிக்க வைக்கிறவனுக்கு, "எனக்குப் புரியலப்பா" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராது. அதுதான் என் லட்சணம்.

கடைசி முறை சனிக்கிழமை. பகல் பன்னிரண்டுக்குள் அட்டைகளைக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் அட்டைகளைக் கலைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. தர்மபுரிக்கு எந்த பஸ் என்று ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் விசாரித்தும் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எங்கள் தெரு முனைப் பிள்ளையாரிடம் போனேன். பையில் அட்டைக் கட்டு இருந்தது. பொட்டு எதுவும் வைக்கவில்லை. நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பாஸ் போடு என்று கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. "அப்பனே, நான் எங்க தப்புப் பண்றேன்னு மட்டும் காட்டு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் விளையாட்டில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ஒண்ணு" என்று சொல்லிச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றி முன்னால் வந்ததும் பிள்ளையார் முகத்தைப் பார்ப்பேன். சாந்தாவின் இழுப்பு நினைவுக்கு வரும். நின்று அழுது சொல்வேன். சொல்லி முடித்தால் எத்தனையாவது சுற்று என்பது மறந்திருக்கும். சாமியை ஏமாற்றக் கூடாதே என்று மறுபடி "ஒண்ணு" என்று கிளம்புவேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

கோயில் வாசலில் விளக்குத்திரியும் எண்ணெயும் விற்கிற பாக்கியம் என்ற அம்மா, என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் சத்தம் போட்டார்.

"என்ன சார் இது? நானும் அப்பயிருந்து பாக்குறேன், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஒண்ணுங்கிறீங்க. ரெண்டே வரமாட்டேங்குது! இப்படிச் சுத்துனா எப்பத்தான் முடியும்?"

"மறந்து போகுதும்மா" என்றேன்.

"மறக்காம என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் ஆரம்பிச்ச எடத்துக்கே போயி நின்னா? வந்தமா, அடுத்த நம்பரச் சொன்னமா, நடந்தமான்னு இருக்க வேணாமா?"

அன்பர்களே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். என் அட்டைகளில் ஓர் அட்டை, 'மாதம் ஒன்று' என்று வைக்கும். அடுத்த அட்டை அந்த மாதத்து மழையை அடிக்கச் சொல்லும். அதற்கடுத்தது மாதத்தோடு ஒன்றைக் கூட்டும். பிறகு, பன்னிரண்டைத் தாண்டும்வரை திரும்பிப் போ என்று சொல்கிற அட்டை. அது எங்கே திரும்பிப் போகச் சொல்கிறது? 'மாதம் ஒன்று' என்ற அட்டைக்கே! மிஷின் பாவம், ஜனவரியை அடித்துவிட்டு, ஒன்றைக் கூட்டிவிட்டு, நான் சொன்ன பேச்சைக் கேட்டு மறுபடி ஒன்றில் போய் நின்றிருக்கிறது. நான் பிள்ளையார் முன்னால் போய் நின்ற மாதிரியே. திரும்பிப் போக வேண்டிய இடம் அதற்கு அடுத்த அட்டை. அவ்வளவுதான். மாற்ற வேண்டியது ஒரே ஓர் அட்டை.

மணி பத்தரை தாண்டியிருந்தது. பாக்கியத்தம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தம்மா பயந்துபோய், "என்ன சார், ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. ஓடினேன். ஆரப்பாளையத்தில் பல்கலைக்கழக பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தொற்றி ஏறினேன். அன்று கண்டக்டரிடம் டிக்கெட் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், காலில் செருப்பில்லை.

அட்டை அடிக்கும் அறையில் ஒரே ஓர் அட்டையை அடித்து, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மிஷின் அறைக்குள் செருப்பு போட்டு வரக் கூடாது என்று கபூர் பாய் என்னிடம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். என் காலைப் பார்த்தார்.

"இன்னைக்காச்சும் செருப்பக் கழட்டிட்டு வந்தீகளே. குடுங்க. சந்தனம் இல்லல்ல?"

"இல்ல பாய். சத்தியமா இல்ல."

ஒவ்வொரு அட்டையையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பிரிண்டர் அடித்தது. முதல் வரி ஜனவரி. அடுத்த வரி நகர்ந்தது.

"சார்! பிப்ரவரி வந்துருச்சு!" என்று கத்தினார் பாய். என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். "அல்லா காப்பாத்திட்டான் சார்! மார்ச்சும் வந்துருச்சு!"

பன்னிரண்டு வரியோடு பிரிண்டர் நின்றது. காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். மேலே இரண்டு, ஒன்று என்று நட்சத்திரம் காய்ந்து கிடக்கிறது. சித்திரையில் கொஞ்சம் நீள்கிறது, கோடை மழை. மறுபடி சுருங்குகிறது. பிறகு செப்டம்பரில் கிளம்பி, அக்டோபரில் மற்ற எல்லா வரியையும் தாண்டி ஓடுகிறது. ஐப்பசி அடைமழை. பதினொரு வருடமாக என் கையாலேயே ரிஜிஸ்தரில் எழுதிய எண்கள்தான். ஒரு நாளும் எனக்கு அதில் மழை தெரிந்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். அந்தக் காகிதத்தில் நிஜமாகவே மழை பெய்தது. இரண்டு சொட்டு என் கண்ணிலிருந்து விழுந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்மா மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார். எங்கே மாற்றினேன் என்று கேட்டார். காட்டினேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். "திரி விக்கிற அம்மா" என்றேன். நான் வழக்கம்போல் விளையாடுகிறேன் என்று நினைத்து பாஸ் போட்டுவிட்டார்.

தர்மபுரிக்குப் போகவில்லை. அந்த மார்கழியில் ஒரு விடியற்காலை சாந்தாவுக்கு இழுப்பு வந்தது. என்றைக்கும் வந்ததைவிட மோசம். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. அவள் என் முதுகில் சாய்ந்துகொண்டாள். டாக்டர் ஊசி போட்டு, மூச்சு சீரானதும், "நல்ல வேளை, உடனே கூட்டிட்டு வந்தீங்க" என்றார். அந்த 'நல்ல வேளை' யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாததை, தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சிரிக்க வைப்பதை விடவில்லை. ஆனால் தெரியாததை மூடி மறைக்க அதை உபயோகிப்பதில்லை.

அன்பர்களே, உங்களுக்கு ஒரு சிக்கல் வந்தால், தீர்த்துவை என்று கேட்பதற்கு முன்னால், என் தப்பு எங்கே என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கட்டாயம் பதில் வரும். குருக்கள் வாயிலிருந்துதான் வரும் என்று காத்திருக்காதீர்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர் திட்டினாலும் காது கொடுங்கள். நம்பிப் போங்கள். நான் நம்பி, நானே எதிர்பார்க்காத அளவுக்குப் பெற்றேன்.

போன வெள்ளிக்கிழமை இதை நம் குழுவில் வாய்மொழியாகச் சொன்னபோது பலர் கண் கலங்கினீர்கள். எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. சாந்தாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்குத் திரும்பி வாசல் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"நூத்தியெட்டுச் சுத்துறேன்னு வேண்டிக்கிட்டு, பாதியில எந்திரிச்சு ஓடிப் போயிருக்கீங்க. எத்தன சுத்துனீங்கன்னும் தெரியாது. இத்தன வருஷமா சாமிக்குக் கடனத் தீக்காம, ஊருக்கு உபதேசம் வேற. நாளைக்குக் காலையில போங்க. மொதல்ல இருந்து ஆரம்பிங்க."