குஞ்சுக்கு அட்டவணை, குழந்தைக்கு பிஸ்கட் தண்ணி

கிராமத்து நர்சு வேலையில் ஊசி போடுவதெல்லாம் சுலபம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கெட்டியாகச் சோறு ஊட்ட ஒரு வீட்டைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். எடை மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக அலையும் சகோதரிகளே, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மருந்துத் தொட்டி

செந்திலுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. வீடும் அதற்குள்ளேயே. அவருடைய ஒன்பது மாத மகள் யாழினிக்கு எடை பார்க்கப் போன என்னை இந்த முறை கேட்டிலேயே நிறுத்தினார். அங்கே ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர். செருப்போடு அதில் இறங்கி நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். நின்றேன். நல்ல பழக்கம் என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

உள்ளே குழந்தை கையில் பால்புட்டி. அதன் ரப்பரில் ஈ. புட்டி தரையில் உருண்டது. செந்திலே எடுத்து, லுங்கியில் ஒரு துடை துடைத்து, திரும்பக் குழந்தை வாயில் வைத்தார். "அப்ப அந்தத் தொட்டி எதுக்குங்க தம்பி?" என்றேன்.

"அது குஞ்சுக்குங்க. புது பேட்ச் எறங்கியிருக்குது, கிருமி பட்டா தாங்காதுங்க."

தாய்மார்களே!

யாழினியின் எடை ஆறு கிலோ இருநூறு. போன மாதமும் அதேதான், அதற்கு முந்தின மாதமும் அதேதான். வளர்ச்சி அட்டையில் மஞ்சள் பட்டை, அதாவது எடை குறைவு. இன்னும் கொஞ்சம் இறங்கினால் சிவப்பு, ஆபத்து. புட்டிக்குள் என்ன என்று பார்த்தேன். பாலில் கரைத்த பிஸ்கட். மூன்று வேளையும் இதுவேதான். தாய்ப்பாலும் கொடு, கூடவே பருப்புச் சோற்றை நெய் விட்டு மசித்துக் கொடு, ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, ஒரு முட்டையை அவித்துக் கொடு என்று அவள் அம்மா சங்கீதாவுக்கு மூன்று மாதமாகச் சொல்கிறேன். லாரி லாரியாக முட்டை ஏற்றுகிற வீடு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணை நன்றாகத் திட்டிவிட்டேன். செந்தில் கோழி ஷெட்டுக்குப் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

நம் போஸ்டர்கள் எல்லாம் 'தாய்மார்களே' என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஊட்டாதே என்று தடை போடுகிறவருக்கு ஒரு போஸ்டர் உண்டா? அதைப் புரியவைத்தது சங்கீதா மெதுவாகச் சொன்ன பதில்தான்.

"எனக்குத் தெரியாதாக்கா? முட்டை குடுத்தா மாந்தம் வந்துரும், சோறு தொண்டையில சிக்கிக்கும்ங்கறாரு. ஒரு நா ஊட்டுனதுக்கு ரெண்டு நாளு எங்கூடப் பேசல."

சுவரில் ஒரு தாள்

சரி, ஆளையே பிடிப்போம் என்று ஷெட்டுக்குப் போனேன். சுவரில் பெரிய அட்டவணை ஒட்டியிருந்தது. முதல் வாரக் குஞ்சுக்கு என்ன தீவனம், எத்தனை கிராம், எட்டாவது வாரத்தில் எப்படி மாற்றுவது, எந்த வயதில் என்ன எடை இருக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. வாராவாரம் குஞ்சுகளை நிறுத்துப் பார்ப்பாராம். பெருமையாக விளக்கினார். "இந்தக் குஞ்சுக்கெல்லாம் பிஸ்கட்டைக் கரைச்சு ஊத்துனா என்னாகும் தம்பி?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சொன்னது தன் காதிலேயே விழட்டும் என்று காத்து நின்றேன். விழவில்லை.

"நல்லாக் கேட்டீங்க போங்க! ஒரே வாரத்துல பேட்ச் பூராவும் சாஞ்சு போயிருமுங்க."

கோழி டாக்டர்

அடுத்த மாதம் யாழினிக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போயிருந்தது. எடை ஐந்து கிலோ எண்ணூறு. சிவப்பு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று கத்தினேன். பல் முளைக்கிறது, அதனால்தான் என்றார் செந்தில்.

பண்ணைக்கு வரும் கோழி டாக்டர் அப்போது அங்கே இருந்தார். மானத்தைக் காற்றில் விட்டுவிட்டு அவரிடம் போய் நின்றேன். "சார், ஒரு குஞ்சு மூணு மாசமா எடை ஏறல. இப்ப கழியுது. தீவனம் வெறும் பிஸ்கட் தண்ணி" என்றேன். எந்த ஷெட் என்று கேட்டார். குழந்தையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "மொதல்ல இன்னைக்கே ஆஸ்பத்திரி. வந்ததும் கெட்டியாச் சோறு, தினம் முட்டை, அந்தப் புட்டியத் தூக்கிக் கடாசுங்க" என்றவர் செந்தில் பக்கம் திரும்பினார்.

"இப்படி ஒரு குஞ்சப் பார்த்தா நான் குஞ்சத் திட்ட மாட்டேன் செந்தில், பண்ணைக்காரனத்தான் திட்டுவேன்."

ஆறு கிலோ எழுநூறு

செந்தில் பத்தே நிமிடத்தில் வண்டியை எடுத்தார். ஐந்து நாள் கழித்துக் குழந்தை வீடு திரும்பியது. ஒன்றரை மாதம் கழித்து நான் போனபோது சங்கீதா கிண்ணத்தில் முட்டையும் சோறும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். யாழினி கிண்ணத்தைப் பிடுங்கப் பார்த்தாள். எடை ஆறு கிலோ எழுநூறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவும் இல்லை.

சுவரில் புதிதாக ஒரு தாள். காலை, மதியம், சாயங்காலம் என்று யாழினிக்கு அட்டவணை, செந்தில் கையெழுத்தில். மாதக்கணக்காக நான் சொன்னதில் ஒரு வரிகூட விடுபடவில்லை. அதன் மேலே 'டாக்டர் சொன்னது' என்று எழுதியிருந்தார், கோழி டாக்டரைத்தான். நான் அதையே பார்ப்பதைக் கண்டு, மனத்தாங்கலோடு ஒரு கேள்வி கேட்டார். அதைக் கேட்டு வந்த சிரிப்பை அடக்க, சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"ஏனுங்க நர்சம்மா, மாசாமாசம் வாரீங்க, இதையெல்லாம் நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?"

குழந்தை எடை ஏறினால் போதும், பேர் யாருக்குப் போனால் என்ன என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். எடை ஏறிவிட்டது, எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.