மூன்று விரல் தடம்

சிலமலை கிராமத்துக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் சிவரஞ்சனியின் வீடு தனியாக நிற்கிறது. ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போன ஜீப்பு கவிழ்ந்து கணவன் இறந்த பிறகும் அவள் அங்கேதான் இருந்தாள். போடியில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். காலையில் பஸ்சு, மாலையில் பஸ்சு, வீட்டுக்கு வந்தால் புத்தகம். இது கொழுந்தன் அழகுராஜாவுக்குப் பொறுக்கவில்லை. வீடும் சுற்றியுள்ள தோட்டமும் அவள் பேரில் இருந்தன.

கார்த்திகை பிறந்ததும் சத்தம் தொடங்கியது. சரிவில் பனிமஞ்சு இறங்கும் வேளையில் யாரோ மேளத் தோலை அடிப்பது போல, தும்... தும்... காதுக்கு எட்டும் முன்னே நெஞ்சுக்கூட்டில் அதிரும். விடிந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மூன்று விரல் தடம், அவள் உள்ளங்கையைவிடப் பெரிது. வேலிக்கு மேல் ஆள் உயரத்தில் ஏதோ நிற்கும். கதவைத் திறந்தால் இருக்காது. புத்தகங்களைப் புரட்டி, இது ஈமு, பறக்காத பெரிய வெளிநாட்டுப் பறவை என்ற முடிவுக்கு வந்தாள். ஆனால் இந்த மலையில் ஈமு ஏது? பேய் கிடையாது என்று வகுப்பில் அடித்துச் சொல்கிறவள், தாழ்ப்பாளை மறுபடி தொட்டுப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

ஊரில் வேறு கதை ஓடியது: செத்த புருசன் வருகிறான், இவள்தான் கூப்பிடுகிறாள். கதையைக் கிளப்பியவன் அழகுராஜா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊர்ப் பெரியவர் ராஜாராமையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டான்.

“மதினி, இது ஊருக்கு ஆகாது. போடிக்குக் குடி போயிருங்க. சாவியக் கொண்டாங்க, நான் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கிடுவ. பேய்க்கிட்ட வாடகை எம்புட்டு கேக்கப் போற?”

“வாயப் பாருங்க பெரியப்பா!”

“பிள்ளைக பயந்து கெடக்குதுக ஆத்தா,” என்றார் ராஜாராம். “வெரசா சாமானக் கட்டு.”

“அது பேயில்ல, ஈமு. ஒரு பறவை.”

“பறவைன்னா பறக்காதாக்கும்?” என்று பக்கத்துத் தோட்டத்து மூக்கம்மாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தும்.

தொட்டிக்குப் பின்னால் மஞ்சு விலகியது. கிழிந்த சாக்கைப் போர்த்தியது போல ஓர் உடம்பு. அதற்கு மேல் நீண்ட கழுத்து. கண் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து அழகுராஜாவிடம் நின்றது. பிறகு பறவை நேராக அவனை நோக்கி நடந்தது.

மற்றவர்கள் சுவரோடு ஒட்டினார்கள். அவன் மட்டும் ஓடவில்லை. தோள் துண்டை எடுத்து அதன் தலையில் போட்டு மூடினான். பின்னால் போய் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தான். பறவை அடங்கி நின்றது. அதன் பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே அவனுக்கு உறைத்தது.

“இந்த வித்தைய எங்கடா படிச்ச?” ராஜாராமின் குரல் மாறியிருந்தது.

“தேவாரம் ஊருப் பக்கம் ஒரு ஈமுப் பண்ணையில பங்கு போட்டிருந்தேன். கம்பெனிக்காரன் ஓடிட்டான். தீனி போட முடியல, பெரியப்பா.”

“அப்ப தடத்தப் பாத்தன்னைக்கே ஒனக்குத் தெரியும்,” என்றாள் சிவரஞ்சனி.

அவன் பறவையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“இது என்ன சாதிடி?” என்றாள் மூக்கம்மாள்.

சிவரஞ்சனி இறகை விலக்கினாள். சாண் நீளச் சிறகு, நுனியில் ஒற்றை நகம். யாருடைய விரலையோ தொட்டதுபோல அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“தீக்கோழி, கிவிப் பறவை எல்லாம் இதுக்குச் சொந்தம். பறக்காத ஒரே பாட்டன் வழி வந்ததுகன்னுதான் முன்னாடி நெனச்சாங்க. மரபணுவச் சோதிச்சுப் பாத்தா பாட்டன் பறந்திருக்கான். வாரிசுக ஆளுக்கொரு மண்ணுல, தனித்தனியா பறக்கறத விட்டிருக்குக. கிவிக்கு நெருங்குன சொந்தம் அதோட நாட்டுலயே கெடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் மடகாஸ்கர்ல ஒரு பெரிய பறவையா இருந்துச்சு, அழிஞ்சு போச்சு. பக்கத்துல இருக்கறதெல்லாம் சொந்தமில்லக்கா.” கடைசி வார்த்தையைக் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள்.

ராஜாராம் தொண்டையைச் செருமினார். “சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும் ஆத்தா.” மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழகுராஜா துண்டை உருவினான். பறவை அவசரமில்லாமல் சரிவில் ஏறி மறைந்தது.

“அழகு, எத்தனையத் தெறந்து விட்ட?”

அவன் மலையைப் பார்த்தான். “பண்ணைக் கொட்டடியில இருந்த அம்புட்டையும்.”

கிளம்பப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் முதலில் வாசலைத் தாண்டவில்லை.