குட்டிக் கித்தார் துரை

ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையின் வாடைக்கு நடுவே "டிங்கு டிங்கு" என்று அந்தக் கம்பியோசை கேட்டதும், அம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மலாயாவில் ஈப்போவுக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் வாசித்த கருவி அது. யுக்குலேலே என்ற அதன் பெயர் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் அதற்குக் "குட்டிக் கித்தார்" என்று பெயர், அவருக்குக் "கித்தார் துரை".

"உவர் லண்டனிலை மேடையேறிப் பாடிச் சனத்தைச் சிரிக்கப் பண்ணுறவர். சின்ன வயசிலையே தொடங்கினவராம். இப்ப கப்பலேறி ஊரூராய்ப் பாடித் திரியிறார்" என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா. சிரிக்க வைப்பதற்கும் கூலி உண்டென்பதை லயத்தில் ஒருவரும் நம்பவில்லை.

"அப்ப ஈப்போவுல போய்ப் பாட வேண்டியதுதானே? லயத்துல என்ன வேல? வேவு பாக்க வாரான்லா" என்றாள் அம்மா.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. தம்பியைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு அவளால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் இருந்த அத்தை வீட்டுக்கு, தீபாவளி கழிந்ததும் யாருக்கும் சொல்லாமல் போய்விடுவதென்று முடிவாகியிருந்தது. ஆள் சொல்லாமல் கிளம்புவதைத் துரைமார் பொறுக்க மாட்டார்கள்.

அப்பாவோ பாட்டென்றால் உருகிவிடுவார். மாலை வேளையில் லயத்து வாசலில் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்காரும் கித்தார் துரைக்கு, ஒரு சொல்லும் புரியாது என்ற துணிச்சலில், அம்மாவைச் சீண்டத் தாமே கட்டிய பாட்டைப் பாடிக் காட்டினார்:

"மூட்டை கட்டு முத்தம்மா,
ஹுத்தான் மெலிந்தாங் போலாமா?"

கித்தார் துரை அதை வரி பிசகாமல் திருப்பிப் பாடினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து, காலைப் "பெரட்டில்" ஆட்களை எண்ணும்போது, பெரிய துரை அப்பாவின் முன்னால் நின்று நல்ல தமிழில், "ஹுத்தான் மெலிந்தாங்குக்கு எப்போது பயணம்?" என்று கேட்டார். அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முந்தின இரவு பங்களா விருந்தில் கித்தார் துரை, லயத்தில் அப்பாவிடம் கற்றதென்று சொல்லி அந்தப் பாட்டைப் பாட, சத்தத்தைக் கேட்டே வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். தமிழ் தெரிந்த பெரிய துரை மட்டும் சிரிக்கவில்லையாம். கிராணி ஐயாதான் சொன்னார்.

மூட்டை முடிச்சுகளோடு நாங்கள் வண்டிகள் போகும் சடக்குக்கு வந்தபோது கித்தார் துரை ஓடிவந்து ஏதேதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"பாட்டின்ரை பொருள் தனக்குத் தெரியாதாம்" என்றார் கிராணி ஐயா.

அப்பா தயங்கி நின்றார். "நம்பாதீங்க, நடங்க" என்றாள் அம்மா. அப்பா நடந்தார். அதற்குப் பிறகு வெளியாள் முன்னால் அவர் வாய் திறந்து பாடி நான் கேட்டதில்லை.

போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். லயமும் இல்லை, பங்களாவும் இல்லை. ரப்பர் நின்ற இடமெல்லாம் எண்ணெய்ப்பனை. அப்பா கடைசிவரை கித்தார் துரையை நல்லவர் என்றார், அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் இப்போது இல்லை. மேடையில் வேண்டிய முகத்தை வேண்டிய நேரத்தில் வரவழைத்துப் பிழைத்த மனிதர் அந்தத் துரை. சடக்கில் கண் கலங்கி நின்ற அந்த முகம் எதில் சேர்த்தி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.